அந்த பழைய பெயிண்ட்ட சுரண்டிடாதீங்க

டெட்ராய்ட் பக்கம் இருக்கறவங்களுக்கு தெரியும், ஆகஸ்ட் மாசம் மூணாவது சனிக்கிழமை வுட்வர்ட் ரோட்ல ட்ரீம் க்ரூஸ். 1995ல ஆரம்பிச்சது, ஃபெர்ன்டேல்ல இருந்து பான்டியாக் வரைக்கும் எங்க பாத்தாலும் பழைய வண்டிதான். நான் ஒரு வருஷம் கூட விடறதில்ல. ஆனா இந்த தடவை பாத்த ஒன்னு மனச உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

ஃபோர்ட் கம்பெனியோட 1965 மஸ்டாங் கார் ஒன்னு நின்னுச்சு. செக்கச்செவேல்னு, மூஞ்சி பாத்து தலை சீவிக்கலாம் அந்த மாதிரி பளபளப்பு. டிரைவர் கதவு ஓரத்துல இருக்கற தகட்ட எட்டிப் பாத்தேன், கலர் கோட் 'சி'னு இருக்கு. சி-ன்னா ஹனி கோல்ட். தேன் கலர்ல பொறந்த வண்டி. ஓனர்கிட்ட கேட்டா, ஒரிஜினல் பெயிண்ட் நல்லாத்தான் இருந்துச்சு, மங்கிப் போயிருந்துச்சு அவ்ளோதான், சிவப்புக்குத்தான் ஷோல கூட்டம் நிக்கும்னு சொல்றார். அவர் வண்டி, அவர் காசு, சரிதான். ஆனாலும் 60 வருஷம் வெயில் மழை தாங்கி நின்ன பெயிண்ட் அது, அத மறுபடி எங்க போய் வாங்கறது?

சிகாகோ, நியூயார்க்னு ஏலத்துக்கு போற வண்டிய பத்தி மட்டும் நான் பேசல. மஸ்டாங் வந்தப்போ ஆரம்ப விலை 2,368 டாலர், 1964 ஏப்ரல்ல வந்து 1966 மார்ச்சுக்குள்ள 10 லட்சம் வண்டி செஞ்சுட்டாங்க. சாதாரண ஜனங்க வேலைக்கு போக வாங்கின வண்டி. இன்னிக்கு ஷோக்கு போனா எல்லாமே வி8னு எட்டு சிலிண்டர் எஞ்சின், எல்லாத்துலயும் ஜிடின்னு உசந்த மாடலோட கோடு. ஆறு சிலிண்டரோட வந்தத எல்லாம் எஞ்சின கழட்டிப் போட்டுட்டு வேஷம் கட்டி நிறுத்தறாங்க, அது எனக்கு புடிக்கவே இல்ல.

அந்த காலத்துல சரின்னு தோணினது பின்னாடி எப்படி வலிக்கும்னு ஷெவர்லேயோட 1963 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார பாருங்க. பின்பக்க கண்ணாடிய நடுவுல ஒரு பட்டை ரெண்டா பிரிக்கும். டிசைன் தலைவர் பில் மிட்செல் பிடிவாதமா வச்சது, பின்னாடி வர்ற வண்டி தெரியலன்னு எஞ்சினியர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் சண்டையே போட்டார். 1964ல எடுத்துட்டாங்க. உடனே 63 வச்சிருந்தவங்க நிறைய பேர் வண்டி புதுசா தெரியட்டும்னு அந்த பட்டைய அறுத்துட்டு ஒத்தை கண்ணாடி மாட்டினாங்க. இப்போ அந்த ஒரு வருஷ வண்டிக்குத்தான் கிராக்கி, அறுத்த இடத்த திரும்ப ஒட்ட வைக்க காசு கொட்டறாங்க.

என் கதையும் இருக்கு. என்னுது 1965 கூபே, ஐவி கிரீன், 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர், இங்க டியர்பார்ன்லயே செஞ்சது. இந்த மஸ்டாங்ல எல்லாருக்கும் வர்ற வியாதி எனக்கும் வந்துச்சு, மழை பெஞ்சா கால்மேல தண்ணி சொட்டும். முன் கண்ணாடிக்கு கீழ காத்து போற கவுல் பெட்டி உள்ளுக்குள்ளயே துரு புடிச்சு ஓட்டையாயிடும், அங்க போய் சேரவே ஸ்பாட் வெல்டிங்க ஒன்னொன்னா ட்ரில் பண்ணி மேல் தகரத்த கழட்டணும். ஒரு ஷாப்ல குடுத்தேன். வெல்டிங் வேலை அருமை. ஆனா எஞ்சின் பின்னாடி இருக்கற ஃபயர்வால்ங்கற தடுப்பு தகரத்துல மஞ்சள் கிரேயான்ல கையால எழுதின நம்பர் ஒன்னு இருந்துச்சு, ஃபேக்டரில யாரோ ஒரு தொழிலாளி கிறுக்கினது. மணல் அடிச்சு சுத்தமா எடுத்துட்டாங்க. அத விட்டு வைங்கன்னு நான் சொல்லல, தப்பு என்னுது. பானட்ட தொறந்து எடுத்த ஒரே ஒரு போட்டோவுல ஓரமா பாதி நம்பர் தெரியுது.

அந்த மாதிரி குறிகள திரும்ப எழுதி வைக்கறாங்க தெரியுமா? நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டின்னு கார்வெட் ஆர்வலர் சங்கம் இருக்கு, அங்க 94 சதவீத மார்க்காவது வந்தாத்தான் டாப் ஃப்ளைட்ங்கற விருது, வண்டி ஃபேக்டரிய விட்டு எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும், அளவுக்கு மீறி பளபளன்னு இருந்தாலும் மார்க் போயிடும். அந்த கறார எனக்கு ரொம்ப புடிக்கும். ஆனா அந்த குறிய இன்னிக்கு நாம போடறதும் அன்னிக்கு அந்த ஆள் போட்டதும் ஒன்னாகுமா. ஏஏசிஏன்னு அமெரிக்க பழைய கார் சங்கத்துல, ரெஸ்டோர் பண்ணாத, அதாவது புதுப்பிக்காத வண்டிக்குன்னே தனி வகுப்பு இருக்கு, எனக்கு அந்த வரிசைலதான் நேரம் போறதே தெரியாது.

காசு கணக்கு பேசறவங்களுக்கும் ஒன்னு: ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்துல ஓட்டின 1968 பச்சை மஸ்டாங், பல வருஷம் ஒரு குடும்பத்து வண்டியா ஓடினது, துருவும் நசுங்கலுமா அப்படியே 2020 ஜனவரில ஃப்ளோரிடா ஏலத்துக்கு வந்து கமிஷனோட 37.4 லட்சம் டாலருக்கு போச்சு. பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருந்தா அந்த விலை வந்திருக்காது.

ஒன்னுமே தொடாதீங்கன்னு சொல்லல. தரை தகரம் ஓட்டையானா மாத்தித்தான் ஆகணும். 65, 66ல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை சர்க்யூட், ஒரு இடத்துல லீக் ஆனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. 67ல இருந்துதான் ரெட்டை. நான் ரெட்டையே போட்டுட்டேன், குழந்தைங்கள ஏத்திட்டு போறேன்ல, பழசு டப்பால பத்திரமா இருக்கு. பெயிண்டு மட்டும் அப்படி டப்பால போட்டு வைக்க முடியாதே! கழட்டறதுக்கு முன்னாடி இண்டு இடுக்கெல்லாம் போட்டோ எடுங்க, கைல பாலிஷ் போட்டு ஒரு மூலைல தேய்ச்சு பாருங்க, செத்துப் போச்சுன்னு நினைச்ச கலர் பாதி திரும்பி வரும்.

என் வண்டில டிரங்க் கதவோட உள்பக்கத்த மட்டும் யாரையும் தொட விடல. பெயிண்ட் ஒழுகி காஞ்ச ஒரு கோடு அங்க இருக்கு, 65ல ஒழுகினது. அடுத்த ஆகஸ்ட்ல டிரங்க தொறந்து வச்சுத்தான் நிறுத்தப் போறேன், வந்தா பாருங்க.