வெப்பமும் ஈரமும் மட்டும் போதாது

அமெரிக்கச் சமவெளியின் சுழலும் இடிமேகங்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவை உருவாகக் கடும் வெப்பமும் ஈரப்பதமும்தான் காரணம் என்பதுபோல் முடிந்துவிட்டது. வெப்பம், ஈரம் இரண்டும் எங்கள் சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க இருக்கின்றன. சராசரியாக ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இங்கே இடி இடிக்கிறது. ஆனாலும் நம் மேகங்கள் அப்படிச் சுழல்வதில்லை.

விடுபட்ட விஷயம் காற்று. தரையருகே ஒரு திசையில் மெதுவாகவும், 6 கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையில் பல மடங்கு வேகமாகவும் வீச வேண்டும். அந்த வித்தியாசம், உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை உருட்டுவதுபோல, இடையிலுள்ள காற்றைப் படுத்தவாக்கில் புரள வைக்கும். மேலேறும் சூடான காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்தும்போதுதான் மேகம் சுழலத் தொடங்குகிறது. அப்புறம் இன்னொன்று: அதே வித்தியாசத்தால் மழை, மேலேறும் காற்றின் மீதே கொட்டாமல் தள்ளிப் போய் விழுகிறது. அதனால்தான் அந்த மேகம் பல மணி நேரம் நீடிக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் காற்றின் அந்த வேறுபாடு பொதுவாகக் குறைவு. பிற்பகல் மேகம் ஒன்று தன் மழையாலேயே தணிந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

சரி, அதற்காக நமக்கு ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். மேற்கே உள்ள சுமத்ரா தீவிலிருந்து விடியற்காலையில் வரிசைகட்டி வரும் புயல்மழை சுழலாமலேயே மரங்களைச் சாய்த்துவிடும். 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் மேற்குப் பகுதியான தெங்காவில் அப்படி வந்த காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. மேற்கே வானம் கறுத்தால் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முதல் வேலை, துணி காயும் மூங்கில் கம்புகளை உள்ளே இழுப்பதுதான்.