அந்தப் புல்வெளிக்குப் பத்திரம் இருந்தது

சென்ற ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நாம் சென்ற நடைப்பயணத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். ஆகவே யார், எவர் என்று மறுபடி விவரிக்கப் போவதில்லை. "சென்ட்ரல் பார்க் வருவதற்கு முன் இங்கே சேறும் பன்றிப்பட்டியும் புறம்போக்குக் குடிசைகளும்தான் இருந்தன" என்று ஒலிபெருக்கியில் சொன்ன நண்பரிடம், கூட்டம் கலைந்த பிறகு தனியாகத்தான் சென்று, அது சரியில்லை என்றேன். பொழுதுபோக்க வந்த இடத்தில் வரலாற்றுப் பாடம் வேண்டாமே என்ற பதிலும், அதற்கு எழுந்த சிரிப்பும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

'புறம்போக்கு' என்ற சொல்தான் உறுத்துகிறது. நாம் நின்றது 85ஆம் தெருவுக்கு அருகில், பூங்காவுக்கு முன் செனகா வில்லேஜ் என்ற ஊர் இருந்த இடத்தில். 1825இல் வைட்ஹெட் தம்பதியர் அங்கிருந்த தம் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது, காலணிகளுக்கு மெருகேற்றிப் பிழைத்த ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். எப்பிஃபனி டேவிஸ் பன்னிரண்டு மனைகளை 578 டாலருக்கு வாங்கினார். நியூயார்க்கில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1827இல்தான் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 1821ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, 250 டாலர் மதிப்புள்ள சொத்து இல்லாத கறுப்பின ஆணுக்கு அங்கே வாக்கில்லை. வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. எனவே அவர்களுக்கு நிலப் பத்திரம் என்பது வாக்குச் சீட்டும்கூட. 1855ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்தச் செனகா வில்லேஜில் ஏறத்தாழ 225 பேர் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர், மற்றவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள். மூன்று தேவாலயங்கள் இருந்தன, பள்ளி இருந்தது. இதுவா புறம்போக்கு?

பூங்காவுக்காக அந்த ஊரை எடுத்தபோது இழப்பீடு கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள், வில்லியம்ஸ் 3,500 டாலர் கேட்டார், 2,335 கிடைத்தது. பூங்காவுக்காக வெளியேற்றப்பட்ட சுமார் 1,600 பேரில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள் என்பதும் உண்மை, மறுக்கவில்லை. நான் கேட்பது பூங்காவை இடிக்கச் சொல்லி அல்ல. பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. இருந்தும் ஒன்றுமில்லை என்று ஏன் ஒலிபெருக்கியில் சொல்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. மகளின் பள்ளிப் பணிக்காக மூன்று சனிக்கிழமைகள் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் கருவியின் கைப்பிடியைச் சுழற்றியபடி உட்கார்ந்திருந்தோம். கணக்கெடுப்பு எழுத்தரின் கோணல் கையெழுத்தில் வில்லியம் வில்சன், சார்லட் என்று கணவன் மனைவி பெயரும், அடுத்தடுத்து எட்டுப் பிள்ளைகளின் பெயரும் வந்தபோது அவள் உரக்கப் படித்துவிட்டாள்; அருகிலிருந்தவர் முறைத்தார். வெளியே வந்ததும் கேட்டாள்: "அந்தப் பார்க்குல எத்தனை வருஷமா தயிர்சாதம் சாப்பிடுறோம், உங்களுக்கு யாருமே சொல்லலையாப்பா?" என்னிடம் பதில் இல்லை. ஞாயிறன்று மைக் பிடித்த நண்பரைவிட நான் ஒன்றும் மேலானவன் அல்லன்; ஆனால் தெரிந்த பிறகு சிரிக்கவில்லை.

1856இல் இம்மக்களை வெளியேற்றுவதற்காக வரைந்த வரைபடத்தில்தான் யார் வீடு எங்கே என்பது மனை மனையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. விரட்ட எழுதிய காகிதமே விலாசமாக மிஞ்சியது. 1857க்குள் ஊர் காலியானது. அக்காலச் செய்தித்தாள்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்றே எழுதின. ஒன்றரை நூற்றாண்டு கடந்து அதே சொல்லை நம்மவர் தமிழில் சொல்கிறார், பாராட்டத்தான் வேண்டும். 2011இல் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, வில்சனின் மூன்று மாடி வீட்டின் அடித்தளக் கற்களும், தேநீர்க் கெண்டியும் வெளிவந்தன. கிராமத்தில் ஒரு குழந்தையின் தோல் காலணியும் கிடைத்தது. காலணி, நண்பர்களே. பன்றிப்பட்டியில் யார் குழந்தைக்குக் காலணி வாங்கிப் போடுவார்?

தமிழனுக்கு இதில் என்ன அக்கறை என்று ஒருவர் கேட்டார். தம் ஊர்ப் பெயரைக் கல்வெட்டில் கண்டால் புல்லரித்துப் படமெடுத்துப் பகிர்பவர் அவர். அந்தப் படத்தைப் பார்க்கும்போது நான் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அதற்கு மேல் அவருக்குப் பதில் சொல்ல மனமில்லை.

அடுத்த நடைப்பயணத்தின் அறிவிப்பு வந்துவிட்டது. 'புறம்போக்கு நிலம் பூங்காவான கதை' என்ற அதே வாசகம். வரைபடத்தின் நகலையும் கணக்கெடுப்புப் பக்கத்தையும் அமைப்பாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்து நான்கு நாளாகிறது.