கம்ப்யூட்டருக்குத் தறிதான் பூர்வீகம்

"நெசவாளர்கள் டிஜிட்டலுக்கு மாற வேண்டும்" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். டிஜிட்டல் என்பதே தறியிலிருந்து கிளம்பிப் போன சங்கதி என்பதை நம் ஊர்க்காரர்களாவது உரக்கச் சொல்ல வேண்டும்.

ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை போட்ட அட்டைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். மிதியை அழுத்தினால் ஓர் அட்டை புரண்டு ஊசிகளுக்கு முன்னால் வந்து நிற்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும். அதைச் சேர்ந்த கொக்கி, நீளவாட்டில் கட்டிய பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். இழை கீழேயே கிடக்கும். குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடா ஒரு தரம் ஓடும், அடுத்த அட்டை வரும். உண்டு, இல்லை. இந்த இரண்டை வைத்தே மயிலும் மாங்காயும் துணியில் விழுகின்றன. கம்ப்யூட்டரின் ஒன்றும் பூஜ்யமும் இதே கணக்குதான்.

பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் இதை உருவாக்கியது 1804 வாக்கில். ஓட்டை போட்ட காகிதத்தால் தறியை ஓட்டும் முயற்சி அதற்கும் முன்பே, 1725-லேயே அங்கே தொடங்கிவிட்டது. பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்குப் போடும் இயந்திரத்துக்குத் தறியின் அட்டையையே எடுத்துக்கொண்டார். தறி பூவும் இலையும் நெய்வதைப் போல இந்த இயந்திரம் கணிதத்தை நெய்யும் என்று 1843-ல் எழுதினார் கணிதம் தெரிந்த அடா லவ்லேஸ் என்ற பெண்மணி. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹோலரித் என்பவர் ஓட்டை அட்டைகளால் எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனி வழி வந்ததுதான் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம்.

அடாவின் அப்பா கவிஞர் பைரன். 1812-ல் இங்கிலாந்தில், பின்னல் இயந்திரங்களை உடைத்த தொழிலாளிகளைத் தூக்கில் போடச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் பேசியவர் அவர். அந்தத் தொழிலாளிகள் இயந்திரத்தை வெறுத்த பழமைவாதிகள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அது அநியாயம். இயந்திரத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்ததும், மட்டமான சரக்கை இறக்கியதும்தான் அவர்களுடைய வழக்கு.

அந்த வழக்கு சேலத்தில் இன்னும் முடியவில்லை. டிசைன் வரைவது கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த இடத்தில் அட்டையே இல்லை. அட்டையில் ஓட்டை அடித்துப் பிழைத்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கண்ணும் இடுப்பும் போகிற வேலை அது, போனதில் எனக்கு வருத்தமில்லை. வாட்ஸ்அப் வந்ததால் பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் சேலை நேராக வெளியூர் வீடுகளுக்குப் போகிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் அட்டைக் கட்டு என் சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்தது. பாவு தீர்ந்தால் அதே டிசைனை அவரே மறுபடியும் ஓட்டுவார். இப்போது அட்டைக்குப் பதில் வந்த கம்ப்யூட்டர் ஃபைல், டிசைன் போடுகிறவரிடமோ முதலாளியிடமோ இருக்கிறது. நெய்கிறவர் கையில் கூலி மட்டும்தான். புதுப் புடவையைப் படம் எடுத்துப் போட்டால் சில நாளில் அதே பார்டர் விசைத்தறியில் ஓடுகிறது.

சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சரி. அது ஊர்ப் பெயரைக் காக்கும். ஒரு நெசவாளர் யோசித்துப் போட்ட பார்டரைக் காக்காது. அதற்கு 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் உரிமை. ஆனால் ஏற்கெனவே வெளியே காட்டிவிட்ட டிசைனைப் பதிய முடியாது. தனி ஆளாக ஒரு நெசவாளர் இதற்கெல்லாம் அலைய முடியுமா? கூட்டுறவுச் சங்கங்கள் இந்த வேலையை எடுத்துச் செய்யட்டும். புடவை வாட்ஸ்அப்பில் ஏறுவதற்கு முன்பே, அதை உருவாக்கியவர் பெயரிலேயே பதியட்டும். ஃபைலில் ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும். சங்கத்தில் பொறுப்பில் இருக்கிற நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.