மீன் கத்தி கேட்டால் வாள் கொடுக்கிறார்கள்

ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்தேன். இனி முடியாது, கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு கத்தி. முழு மீனில் முள்ளை விட்டுவிட்டு சதையை மட்டும் பிலேவாகக் கழற்றி எடுக்கிற கத்தி. நட்சத்திர ஓட்டல் சமையல்காரன் ஆகிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அம்மாவுக்கு வயது 76. போன தை மாதம் சங்கரா முள் ஒன்று தொண்டையில் போய்க் குத்திக்கொண்டது. சோற்றை உருண்டை பிடித்து விழுங்கு, வாழைப்பழத்தை மெல்லாமல் முழுங்கு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். (தயவுசெய்து செய்யாதீர்கள். முள் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும்.) கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் இடுக்கி போட்டு எடுத்தார். அன்றோடு அம்மா மீனைத் தொடுவதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க மீன் குழம்பு மணக்கும், அவள் மட்டும் வெறும் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு மட்டும் வஞ்சிரம் எப்படி இறங்கும்?

மார்க்கெட்டிலேயே வெட்டித் தருவார்களே என்று சொல்ல வராதீர்கள். சிந்தாதிரிப்பேட்டையில் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். "சார், பின்னாடி முப்பது பேர் நிக்கிறாங்க. துண்டு போட்டுத் தரேன், எடுத்துனு போ. முள்ளில்லாம வேணும்னா மதியத்துக்கு மேல வா." அவரைக் குறை சொல்லவே மாட்டேன். புளியங்கட்டை மேல் மீனை வைத்து, லாரிப் பட்டையில் அடித்த அந்தத் தடிக் கத்தியாலேயே ஓட்டல்காரர்களுக்கு அவர் பிலே எடுப்பதை நின்று பார்த்திருக்கிறேன். அது இருபது வருஷக் கை. என் கைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனால்தான் கத்தியாவது சரியாக இருக்கட்டும் என்று தேடினேன்.

வீட்டு அரிவாள்மனையை நான் குறைவாக எண்ணுகிறவன் இல்லை. காலால் கட்டையை அமுக்கிக்கொண்டால் இரண்டு கையும் மீனுக்கு. கத்தி நகராது, மீன்தான் நகரும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு விரால் மாதிரி வழுக்குகிற மீனைக்கூட அம்மா அதில் செதில் சீவி, துண்டு போட்டு, நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் முடித்திருப்பாள். ஆனால் பிலே எடுப்பது வேறு வேலை. அங்கே மீன் கிடக்க வேண்டும், கத்தி நகர வேண்டும். நகர்ந்தால் மட்டும் போதாது, முள் போகிற வளைவுக்கு ஏற்றபடி அதுவும் வளைந்து கொடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் எனக்குத் தேவைப்பட்டது. இந்த ஒரு விஷயத்தைத்தான் விற்கிற ஒருத்தனும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

முதலில் ஆன்லைனில் தேடினேன். என்னென்ன எழுதியிருக்கிறான் தெரியுமா! ஜப்பானியத் தொழில்நுட்பம். 67 அடுக்கு டமாஸ்கஸ். சவர பிளேடு போன்ற கூர்மை. பரிசளிக்க ஏற்ற அழகிய பெட்டி. பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் இருக்கிறது. கத்தியின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர்? இல்லை. வளையுமா, விறைப்பா? இல்லை. எந்த எஃகு? 'உயர்தர ஸ்டீல்'. அதாவது அரிசிக்கடையில் போய் என்ன அரிசி என்று கேட்டால் 'உயர்தர அரிசி' என்கிற மாதிரி. கீழே வாங்கினவர்கள் எழுதியதையாவது படிக்கலாம் என்று போனால், "டெலிவரி சூப்பர், பேக்கிங் சூப்பர், இன்னும் யூஸ் பண்ணல" என்று ஐந்து நட்சத்திரம். யூஸ் பண்ணாமல் என்ன எழவுக்கு ஐயா நட்சத்திரம் போடுகிறீர்கள்?

2,499 ரூபாய் கொடுத்து அந்த டமாஸ்கஸை வாங்கினேன். டமாஸ்கஸ் என்றால் பல அடுக்கு எஃகைச் சேர்த்து அடித்தது, அந்த அடுக்குகள்தான் மேலே அலையாகத் தெரிய வேண்டும். இதிலும் பிளேடு முழுக்க நதி ஓடுகிற மாதிரி அலை அலையாக டிசைன். மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் கழுவினேன், நதி வற்றிவிட்டது. மேலே லேசரில் கீறின படம்! அடுக்கும் இல்லை, மடிப்பும் இல்லை. இதில் எனக்கு வயிறு எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டமாஸ்கஸ் வாள் என்று உலகமே கொண்டாடினதற்குத் தென்னிந்தியாவிலிருந்துதான் உருக்குக் கட்டிகள் கப்பலேறிப் போயின. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரன் தலையில் கட்டுகிறான் பாருங்கள், படம் வரைந்த தகரத்தை.

சரி, டிசைன் போனால் போகட்டும், வெட்டினால் போதும் என்று ஒரு மீனை எடுத்தேன். அது சித்திரை மாதம், தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பண்ணைக் கொடுவாதான் கிடைத்தது, ஒன்றரைக் கிலோ, ஆயிரத்து இருநூறு ரூபாய். செவுளுக்குப் பின்னால் கத்தியைச் சாய்த்து நடுமுள் வரை இறக்கியாயிற்று. அங்கே கத்தியைப் படுக்க வைத்துத் திருப்பி, முள்ளை உரசிக்கொண்டே வால் வரை போக வேண்டும். நல்ல கத்தியாக இருந்தால் முள்ளின் மேல் போகும்போது டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டின மாதிரி. அந்தச் சத்தம் வந்தால் சதை முழுக்க மேலே வருகிறது என்று அர்த்தம். எனக்கு வந்த சத்தம் 'நறக்'. முதுகுப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடு எப்படி வளையும்? விலா எலும்பு மேடாக ஏறுகிற இடத்தில் இது நேராகப் போய் எலும்பை வெட்டி வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. வெளியே இழுத்தால் மறுபடி மேலே துள்ளி, சதையை இரண்டாகப் பிளந்தது. நடுமுள்ளில் ஒரு விரல் கனத்துக்குச் சதை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கையில் வந்தது பிலே இல்லை, கந்தல். சதைக்குள் துண்டு துண்டாக வெட்டுப்பட்ட விலா முள் வேறு. முள்ளுக்குப் பயந்து ஆரம்பித்த வேலையில் முள்ளைப் பொடியாக்கிக் கலந்து வைத்திருக்கிறேன்! மொத்தத்தையும் வேகவைத்து, உட்கார்ந்து முள் பொறுக்கி, புட்டு செய்தோம். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கொடுவாப் புட்டு.

அடுத்து, தொட்டுப் பார்த்தே வாங்கலாம் என்று பாரிமுனைப் பக்கம் ஒரு பெரிய பாத்திரக்கடைக்குப் போனேன். மீன் பிலே போடுகிற கத்தி வேண்டும் தம்பி என்றேன். முதலில் ரொட்டி அறுக்கிற ரம்பக் கத்தியை எடுத்து வந்தான். அப்புறம் கறிக்கடைக் கத்தி. அப்புறம் உறை போட்ட ஒரு நீளக் கத்தி, உறைக்கு மேல் பிளாஸ்டிக் மூடி, மூடியைச் சுற்றி டேப். பிரித்துப் பார்க்கலாமா என்றால் "பிரிச்சா நீங்க வாங்கியாகணும் சார்." பிரிக்காமல் எப்படித் தெரியும்? சரி, இதையாவது சொல், வளையுமா என்று கேட்டேன். பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் கடையை நான் கேவலப்படுத்திவிட்ட மாதிரி, "வளையவே வளையாது சார்! கேரண்டி!" என்று கல்லாப்பெட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தான். அவரும் தலையை ஆட்டினார். வளையாது, கேரண்டி. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நண்பன். ஜப்பான் போய் வந்தவன், எனக்காக ஒரு தேபா கத்தி வாங்கி வந்திருந்தான். நல்ல மனசு, நான் இல்லை என்று சொல்லவில்லை. தேபா வளைகிற கத்தியே கிடையாது, நம் மீன்காரர் கத்தி மாதிரி கனம். ஆனாலும் அவர்கள் அதில்தான் அழகாக மீனைப் பிளக்கிறார்கள். காரணம், அதன் வாய் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும், மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் முள்ளோடு ஒட்டிப் போகும். என்ன, அது வலது கைக்காரனுக்கான சரிவு. நான் பீச்சாங்கை! என் கையில் அது முள்ளை விட்டு விலகிச் சதைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. பீச்சாங்கைக்காரனுக்கென்று தனியாகச் செய்கிறார்களாம், விலையும் கூடுதலாம். இப்போது அது நண்டு உடைக்கப் பயன்படுகிறது. நண்பனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், விற்கிறவன் ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டியது. கத்தியின் தடிமன் முதுகுப் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர், மிஞ்சிப் போனால் இரண்டு. நுனியை மரப்பலகையில் வைத்து அழுத்தினால் வில் மாதிரி வளைய வேண்டும், விட்டால் நேராக நிமிர வேண்டும். வளைந்தது வளைந்தபடியே நின்றால் அது தகரம். சங்கராவுக்கு 15 சென்டிமீட்டர் நீளம் போதும், கொடுவாவுக்கு 18, 20 வேண்டும். சூரை மாதிரி பெரிய மீன் என்றால் இவ்வளவு வளைகிற கத்தி ஆகாது, கொஞ்சம் விறைப்பு வேண்டும். எஃகின் கடினத்துக்கு ராக்வெல் என்று ஓர் அளவு இருக்கிறது. இந்த மாதிரிக் கத்திக்கு 54-லிருந்து 58-க்குள் இருந்தால் நல்லது. 60-க்கு மேல் போட்டிருந்தால் பெருமைப்படாதீர்கள், முள்ளில் பட்டு வளையும்போது வாய் பொட்டு பொட்டாக உதிரும். கைப்பிடி பளபளவென்று மின்னக் கூடாது. மீன் கொழுப்பும் தண்ணீரும் பட்ட கையில் வழுக்கினால் அடுத்து பிலே ஆவது உங்கள் விரல்.

பின்லாந்தில் மார்ட்டீனி, ஸ்விட்சர்லாந்தில் விக்டோரினாக்ஸ், ஸ்வீடனில் மோரா என்று பல வருஷமாக இதையே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிறதுக்கு ஒன்றுமே இருக்காது. அலை இல்லை, டிசைன் இல்லை, பரிசுப் பெட்டி இல்லை. அதனால்தான் தேடும்போது முதல் பத்துப் பக்கத்திலும் கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது.

கத்தியோடு முடிந்ததா என்றால் இல்லை. தெருவில் சாணை பிடிக்கிறவர் முன்பெல்லாம் சைக்கிளை மிதித்துக் கல்லைச் சுற்றுவார், நிதானமாகப் பிடிப்பார். இப்போது வந்தவர் மோட்டார் வைத்திருந்தார். அந்த டமாஸ்கஸையாவது தீட்டித் தேய்த்து மெலிய வைக்கலாம் என்று கொடுத்தேன். தீபாவளி மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. திரும்பி வந்த கத்தியின் வாயோரம் நீலம் பாய்ந்திருக்கிறது. எஃகு அப்படி நீலமானால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பதம் போய்விடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் இரண்டு தக்காளி தாங்காது. 1000 நம்பர் தண்ணீர்க்கல் ஒன்று வாங்கி வீட்டிலேயே பத்து நிமிஷம் தீட்டிக்கொள்வது மேல். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடியில் பாலிஷ் இல்லாத வளையத்தில் தேய்த்தால்கூட வேலைக்காகும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நான் கத்தி தேடுவது தெரிந்ததும், "எங்க வீட்ல கட்லாதான், அதையும் இப்படி முள்ளில்லாம எடுத்துக் குடேன்" என்று கேட்கிறவர்கள். கட்லா, ரோகு, கெண்டை வகையெல்லாம் சதைக்கு நடுவிலேயே கவட்டை மாதிரி பிரிந்த முள் பொதிந்திருக்கும். பிரம்மன் வந்து வெட்டினாலும் அது கத்தியில் போகாது. ஜிலேபிக் கெண்டை கொண்டு வாருங்கள், பெயரில்தான் கெண்டை, அதற்கு இந்தக் கவட்டை முள் கிடையாது, ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருகிறேன். கொடுவாவிலும் முன்பாதியில் நடுக்கோட்டில் ஒரு வரிசை குட்டி முள் தங்கிவிடும். விரலால் தடவிப் பார்த்து, புருவம் திருத்துகிற இடுக்கியால் தலைப் பக்கமாக இழுத்துப் பிடுங்க வேண்டும். என் மனைவியின் இடுக்கி காணாமல் போன ரகசியம் இதுதான்.

ஒரு வழியாகப் போன மாதம் அந்த ஸ்விட்சர்லாந்துக் கத்தியே கிடைத்தது. டமாஸ்கஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த காசு. முதல் ஞாயிறு, கொடுவா, செவுளுக்குப் பின்னால் இறக்கித் திருப்பினேன். டிக் டிக் டிக் டிக். வால் வரை. மேல்சதையைத் தூக்கிப் பார்த்தால் நடுமுள் எக்ஸ்ரே படம் மாதிரி சுத்தமாகத் தெரிகிறது. தோலை வால் பக்கம் பிடித்துக்கொண்டு கத்தியைப் படுக்க வைத்து இழுத்தேன், துணி உரிகிற மாதிரி வந்தது. அம்மா ஏழு மாதத்துக்கு அப்புறம் மீன் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இங்கேயே முடித்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன்.

நேற்று ஆபீஸ் விட்டு வருகிறேன். கிரானைட் மேடை மேல், பலகைகூட இல்லாமல், என் கத்தி. பக்கத்தில் பாதி பிளந்த பலாப்பழம். பிளேடு முழுக்கப் பலாப்பால், நுனி லேசாக மடங்கியிருக்கிறது. எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டே சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னடா கத்தி வாங்கியிருக்க, அமுக்கினா வளையுது? கடையிலயே பாத்து வாங்கக் கூடாதா?" என்றாள்.