உருளைக்கிழங்கு விளையும் ஊரில் ஒரு பர்கர் கடை

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற நம் அட்டன் டவுனில் ஒரு பர்கர் கடை திறந்திருக்கிறார்கள். பெயரைப் போட மாட்டேன். பாராட்டினால் காசு வாங்கிவிட்டேன் என்பீர்கள், குறை சொன்னால் முதலாளியின் மச்சான் இன்பாக்ஸுக்கு வந்து நிற்பார். ஊர் சின்னது, தெரிய வேண்டியவர்களுக்கு எந்தக் கடை என்று தெரியும்.

இந்தக் கடையைப் பற்றி ஒருவர், "தோட்டத்துச் சனத்துக்கு எதுக்கு பர்கர்?" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் எத்தனையோ கடைகளின் குசினிக்குள் எட்டிப் பாருங்கள், நம் பக்கத்துப் பொகவந்தலாவைப் பையனோ மஸ்கெலியாப் பையனோ வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான். அவன் பொரித்த கோழியைக் கொழும்பு சாப்பிடும்போது வராத கேள்வி, அதே பையன் ஊருக்கு வந்து நமக்குப் பொரித்துக் கொடுக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? இந்தக் கடையில் அடுப்படியில் நிற்கிற தம்பியும் அப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் வேலை பார்த்தவர், 2022 பொருளாதார நெருக்கடியில் அந்தக் கடை மூடப்பட, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். கற்ற தொழிலை இங்கே செய்கிறார். இதில் கேலி பண்ண என்ன இருக்கிறது?

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா வாழ்க்கை முழுக்கக் கொழுந்து எடுத்தவர். கதவடியிலேயே நின்று, "மாட்டிறைச்சி போடுவாங்களா?" என்று கேட்டார். மாடு கிடையாது. கோழி, முட்டை, மரக்கறி மட்டும்தான். அமெரிக்காவில் பர்கர் என்றாலே மாட்டிறைச்சிதான், ஆனால் இங்கே அதைப் போட்டால் பாதிக் குடும்பங்கள் படியேறாது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. தட்டு வந்ததும் அம்மா மேல் பணிஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாது, பணிசுக்குள்ள கட்லட்டா?" என்றார். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

கோழி நன்றாக இருந்தது. அரைத்துத் தட்டியது இல்லை, தொடை இறைச்சியை எலும்பு எடுத்து, மிளகும் பூண்டும் போட்டு ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்தது. நெஞ்சு இறைச்சியாக இருந்தால் நம் குளிரில் தட்டு மேசைக்கு வருவதற்குள் காய்ந்து விறைத்துவிடும். தொடையில் கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் ஆறினாலும் தாங்குகிறது. பணிஸ் டவுன் பேக்கரியில் இருந்து அன்றன்று வாங்குவது. லேசான இனிப்பு, பரவாயில்லை. வெட்டிய பக்கத்தை மாஜரின் தடவிக் கல்லில் வாட்டியிருந்தார்கள். சின்ன வேலைதான், ஆனால் அதைச் செய்யாத கடையில் சோஸ் ஊறி அடிப்பணிஸ் கையோடு பிய்ந்து வரும். சலாது இலை மொறுமொறுவென்று இருந்தது. நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில் பிடுங்கிய இலை லொறியில் கொழும்புக்கு இறங்கி வாடுவதற்கு முன்னால் நமக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு விசயத்தில் கொழும்பு நம்மிடம் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

கெடுத்தது மயோனைஸ். இனிப்பு மயோனைஸை அப்படி ஊற்றியிருந்தார்கள், கடிக்கும்போது மறுபக்கம் சட்டையில் வழிகிறது. மிளகு ருசி எங்கேயோ அடியில் போய்விட்டது. அதே கடையில் காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்து, தேசிக்காய் பிழிந்த சம்பல் ஒன்று சின்னக் கிண்ணத்தில் கேட்டால் தருகிறார்கள். அதை மயோனைஸ் இருந்த இடத்தில் தடவிச் சாப்பிட்டபோதுதான் பர்கர் வாயில் பேசத் தொடங்கியது. இதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அண்ணே, அது ரொட்டிக்குக் குடுக்கிறது, ஆளுங்க சிரிப்பாங்க" என்றார் தம்பி. யாரும் சிரிக்க மாட்டார்கள் தம்பி, பர்கருக்கு உள்ளே வையுங்கள்.

அப்புறம் சிப்ஸ். இங்கேதான் எனக்குக் கோபம். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் விலை கிடைக்காமல் புலம்பாத வருசம் குறைவு. நாம் உட்கார்ந்திருப்பதோ நுவரெலியா மாவட்டத்தில். தட்டில் வந்தது வெளிநாட்டில் வெட்டி, உறையவைத்து, பைக்கற்றில் அடைத்து வந்த சிப்ஸ். கேட்டேன். நம்மூர்க் கிழங்கு பொரித்தால் கறுத்துப்போகிறது, ஒரே அளவில் வராது என்றார் தம்பி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிழங்கைக் குளிரில் வைத்தால் உள்ளே மாச்சத்து சீனியாக மாறும், பொரிக்கும்போது அந்தச் சீனிதான் கறுக்கிறது. மலையில் சாக்கோடு கிடக்கிற கிழங்கு குளிரில்தானே கிடக்கும். ஆனால் கம்பிபோல நீளமாக வெட்டித்தான் பொரிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? தோலோடு அவித்து, துண்டுபோட்டு, சூடான எண்ணெயில் கொஞ்ச நேரம் மட்டும் விட்டு எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுங்கள். கொஞ்சம் சிவந்தாலும் யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. பக்கத்து ஊர் விவசாயியின் கிழங்கு ஒரு மூட்டை விற்றுப்போகும்.

விலை. கோழி பர்கர் 950, சிப்ஸ் 400. அம்மா மனக்கணக்கில் புலி. "ஒரு முழுப் பேரு" என்றார். தோட்டத்தில் வளராதவர்களுக்கு: நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், குறைந்தால் அரைப்பேர். 950-ஐயும் 400-ஐயும் கூட்டினால் 1350. 2024இல் அரச வர்த்தமானியில் போட்ட அடிப்படை நாட்சம்பளமும் அதே 1350தான். அதற்கு முன்னால் 1000 ரூபாய்க்காக வருசக்கணக்கில் கத்தி, 2021இல்தான் அது கைக்கு வந்தது. அந்த 1350இல், நாள் முழுக்க மலையில் நின்றவருக்குக் கிடைப்பது ஒரு பர்கரும் ஒரு தட்டு சிப்ஸும். இதைச் சொன்னால் கடைக்காரர் கொள்ளை அடிக்கிறார் என்று எழுதுவீர்கள். எண்ணெய், கேஸ், கோழி விலையைப் பார்த்தால் அவர் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. கோபப்பட வேண்டிய இடம் சம்பளத் துண்டு, பில் இல்லை. ஆனாலும் கடைக்காரரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பாதி அளவில் ஒரு சின்ன பர்கர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவதை நான் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே பார்த்தேன்.

விலைப்பட்டியல் முழுக்க ஆங்கிலம். தமிழர் அதிகமாக வாழ்கிற மாவட்டத்தில், தமிழ் முதலாளி கடையில், அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் அடித்து ஒட்ட எவ்வளவு ஆகும்?

போகிறவர்களுக்கு: சீஸ் போட்டதை எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் தாளில் வருகிற துண்டு சீஸ்தான், 150 ரூபாய் வீண். முட்டையும் கோழியும் சேர்ந்தது நல்லது. மயோனைஸ் வேண்டாம், சம்பல் போடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் போகவேண்டாம், உட்கார இடம் கிடைக்காது. ப்ளேன்டீ கேட்டால் இஞ்சி தட்டிப்போட்டுத் தருகிறார்கள், அது பட்டியலில் இல்லை.