அது இருக்கட்டும்டா

மஞ்சக்குப்பம் வீட்டின் பின்கட்டு அறையைக் காலி செய்து, படம் வரைய ஒரு மேசை போடலாம் என்று மூன்று ஞாயிறாகப் போராடுகிறேன். முடிந்தால்தானே! எதைத் தூக்கினாலும் அம்மா, "அது இருக்கட்டும்டா, தானே புயல்ல அதுதான் கைகொடுத்துச்சு" என்கிறார். 2011 டிசம்பர் 30-இல் அடித்த புயல் அது. சரி, அன்று கடலூரே இருட்டில் கிடந்தது, அரிக்கேன் விளக்கை விட்டுவிடலாம். மூடியில்லாத 11 ஹார்லிக்ஸ் பாட்டில் எந்தப் புயலுக்கு? வலை கிழிந்த சல்லடை?

நேற்று ஒரு மூட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அம்மா வாசலிலேயே பேரம் பேசி அதில் பாதியைத் திரும்ப வாங்கிவிட்டார். எனக்கு 20 ரூபாய் நஷ்டம். ஆசையாய் வாங்கிய வாட்டர்கலர் டப்பா அந்தப் பாட்டில்களுக்குப் பின்னால்தான் எங்கேயோ கிடக்கிறது.