பூச்சாடியின் அடியில் கல் போட்டால் நீர் வடியுமா?

பூச்சாடியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சல்லிக்கல் நிரப்பினால் மாரியிலும் வேர் அழுகாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல நோக்கத்தோடு சொன்னதுதான், ஆனால் நடப்பது மறுவளம்.

மண்ணின் நுண்துளைகள் நீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும். கல்லுக்கு மேலுள்ள மண் முற்றாக ஊறும்வரை, கற்களுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளிக்குள் அந்த நீர் இறங்காது. கல் இல்லாவிட்டால் சாடியின் அடியிலேயே நின்றுவிடும் ஈரம், கல் போட்டதும் இரண்டு அங்குலம் மேலேறி வேருக்குக் கிட்ட வந்துவிடும். சிறிய சாடியில் இது பெரிய இழப்பு.

நீங்களே பார்க்கலாம். இரண்டு பெரிய சோடாப் போத்தல்களின் கழுத்தை வெட்டி, அடியில் ஒரேயளவு துளைகள் இடுங்கள். ஒன்றில் கல்லும் மண்ணும், மற்றதில் மண் மட்டும். மேல்மட்டம் ஒன்றாக இருக்கட்டும். நிறையத் தண்ணீர் ஊற்றி, சொட்டுவது நின்றபின் பக்கவாட்டில் பாருங்கள். கல்லுக்கு நேர் மேலே மண் கருத்துச் சொதசொதவென்று நிற்கும், கீழே கல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்.

வடிய வேண்டுமென்றால் மண்ணைத்தான் மாற்ற வேண்டும். குளத்து வண்டலை மட்டும் நிரப்பினால் இறுகிவிடும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலவுங்கள். துளையில் மண் ஒழுகாமல் ஒரு துண்டு நுளம்புவலை போதும். சாடியை இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள், துளை தரையோடு அடைபடாது.